மீசைக்கு ஆகாத வண்டி

மூச்சை இழுத்தாலும் சத்தம் கேட்கும், விட்டாலும் கேட்கும். நயினார் இரண்டையும் செய்யாமல் குப்புறக் கிடந்தார். வெளியே நிற்கிற ஆள் கையில் அகப்பட்டால் இன்றைக்கே கத்திதான், பேச்சுக்கே இடமில்லை.

அவர் கிடந்தது, குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் நின்ற ஒரு புத்தம் புதுக் காருக்குள்; முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே. ஒரு பக்கக் கதவைத் திறக்க முடியாதபடி சுவர். மறுபக்கக் கதவில் சாய்ந்துகொண்டு நமசிவாயம்.

தென்காசி வட்டாரத்துப் பழைய கார்ப் பைத்தியங்களுக்கெல்லாம் நமசிவாயம்தான் தலைவர். வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். அப்படியும் அவர் குரல் ஐந்தருவிக்குக் கேட்டிருக்கும்.

"ஏட்டி மூக்கம்மா, இதெல்லாம் ஒரு காரா? இட்லிக் கொப்பரையைக் கவுத்திப் போட்டுச் சக்கரம் மாட்டியிருக்கான்!"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? பளபளன்னுதான இருக்கு" என்றாள், முறுக்குக் கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள்.

"பளபளப்பு கெடக்கட்டும். கால வச்சு ஏற ஒரு புட்போர்டு உண்டா? லைட்டு ரெண்டும் முன்னால தனியா நிக்கணும், காவக்காரன் மாதிரி. இதுல கன்னத்துக்குள்ள புதைச்சு வச்சிருக்கான். ஸ்டெப்னின்னா இடுப்புல வச்ச பிள்ளை மாதிரி பக்கத்துல தொத்திக்கிட்டு இருக்கணும்ட்டி. இங்கன டிக்கிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கான், பாவம்!"

"பல்லு வலின்னு துண்டைக் கட்டிக்கிட்டு என்ன பேச்சு பேசுதீய! வாங்கிட்டாவது பேசுங்க."

"குடு ரெண்டு முறுக்கு."

துண்டுக்கு அடியிலேயே கடக், மொடக். நயினாரின் தலைக்கு மேலே கண்ணாடி அதிர்ந்தது.

எல்லாம் அந்தச் சத்தியத்தால் வந்த வினை. தை மாதம் சுடலைமாடன் கோயிலில் இருவரும் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள். புட்போர்டு இல்லாத புது மாடல் காரில் ஏறினால் மீசையை மழித்துவிடுவதாகச் சத்தியம்.

நமசிவாயம் சூடத்துக்கு நடுங்குகிறவர். பொய்ச் சத்தியம் செய்தால் மாடன் கண்ணைப் பிடுங்கிவிடுவான் என்று நம்புகிறவர். நயினார் கொஞ்சம் தைரியசாலி. மாடனுக்குத் தெரிந்தால் பாதகமில்லை, நமசிவாயத்துக்குத் தெரியக்கூடாது.

அந்தக் காலத்தில் தென்காசியில் பார்க்க இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டாகப் பிளந்து நின்ற கோபுரம் ஒன்று, இரண்டாகப் பிரிந்து நின்ற நயினாரின் மீசை இன்னொன்று. மாதம் கால் படி எண்ணெய் குடிக்கிற மீசை அது.

அதிலும் இன்று செங்கோட்டையில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மீசையை மழித்துக்கொண்டு போய் நின்றால் சம்பந்தி, "வீட்டுல துட்டியா? யாரு போனா?" என்றுதான் கேட்பார். சாவு விழுந்த வீட்டில் யார் தட்டு மாற்றுவார்கள்?

பெண்டுகள் காலை ரயிலிலேயே போய்விட்டார்கள். நயினாருக்கு மட்டும், தன் முப்பத்தாறாம் வருஷத்து வண்டியில் சம்பந்தி வாசலில் போய் இறங்க ஆசை. மேலகரம் தாண்டியதும் அது ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் செங்கோட்டை மர வியாபாரி அப்துல் மஜீது இந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறுங்க அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா?" என்றார். குற்றாலம் வந்ததும், "ஒரு குளி குளிச்சிட்டு ஓடியாந்துருதேன்" என்று அருவிக்குப் போனவர்தான், அருவியையே குடித்து முடித்துவிட்டுத்தான் வருவார் போலிருந்தது.

வெளியே சாரல், உள்ளே நயினாருக்கு வேர்வை ஆறாக ஓடியது. இந்தக் கொப்பரைக்குள் காலை நீட்ட இவ்வளவு இடமா என்று அந்த நேரத்திலும் ஓர் ஆச்சரியம் வந்தது. நினைத்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

குற்றாலத்துக்கு வந்த மனுஷன் அருவிக்குப் போக வேண்டாமா? நமசிவாயம் அசையவே இல்லை. ஊரில் இத்தனை சுவர் இருக்க, பிடிக்காத காரின் மேல்தானா சாய வேண்டும்?

கடைசியில் ஈரத் தலையோடு மஜீது வந்தார். நமசிவாயம் விலகி நிற்க, பின் கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, கீழ கெடந்து என்ன தேடுதீய? மோதிரம் விழுந்துட்டோ?"

நமசிவாயத்தின் தலை உள்ளே வந்தது. "ஏலே நயினாரு!"

"அண்ணாச்சி..."

"சூடத்தை அணைச்ச கைச்சூடு ஆறலியேலே! எறங்கு. அருவிக்கரையில சவரம் பண்ணுத ஆளு இருக்கான்."

நயினார் எழுந்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்க அண்ணாச்சி. மகளுக்கு நிச்சயம். இந்த மூஞ்சியை மழிச்சுக்கிட்டுப் போனா எவன் வீட்டுக்குள்ள விடுவான்?"

கெஞ்சிய கை நமசிவாயத்தின் தாடையைப் பிடிக்கப் போய்த் துண்டைப் பிடித்தது. துண்டு கையோடு வந்துவிட்டது.

மூக்குக்குக் கீழே, முப்பது வருஷமாக வெயில் படாத இடம், தோலுரித்த நுங்கு மாதிரி வெளேரென்று இருந்தது. ஒரு ரோமம் இல்லை.

"ஐயையோ அண்ணாச்சி!" மூக்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல துட்டியா? யாரு போனா?"

மஜீது எதற்கோ வானத்தைப் பார்த்தார். நமசிவாயம் துண்டைப் பிடுங்கி மறுபடியும் கட்டிக்கொண்டார். தெருவை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து காருக்குள் ஒரு காலை வைத்தார்.

"ஒருத்தரும் சாகலலே. தள்ளி உக்காரு, அது என் எடம்."