நூற்றொரு சதவீதம்

ஸ்மார்ட் போர்டில் இருந்த வட்டத்தைத் திலகவதி டீச்சர் மூன்றாம் முறையாக அழித்தார்.

நான் முருங்கைக்கீரைக் கட்டோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். சத்துணவுக் கூடத்தில் கீரையைக் கொடுத்துவிட்டு அப்போதே போயிருக்க வேண்டும். அந்த வட்டம் விடவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு டீச்சர் கொடுத்த கேள்வி சின்னது. காலையில் உன்னை எழுப்புவது யார்?

பதில்கள்தான் அடங்கவில்லை. அம்மா, அப்பா, சேவல், போன் அலாரம், கோயில் மைக், குன்றாண்டார்கோவில் மினிபஸ்ஸின் ஹாரன். தண்ணீர்த் தொட்டி மோட்டார் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்தபோது, வட்டம் உடைந்த வளையல்களைக் கொட்டி வைத்ததுபோல் இருந்தது.

“கேள்வி தப்பில்ல. பதில் வந்து உக்கார நாம எடம் போட்டுக் குடுக்கல,” என்றார் டீச்சர்.

மூன்றே கட்டங்கள் போட்டார். ஆள். சத்தம். நானே.

அம்மாவும் அப்பாவும் முதல் கட்டத்துக்குள் போனார்கள். சேவலும் மோட்டாரும் மினிபஸ்ஸும் இரண்டாவதில் ஏறிக்கொண்டன.

கை தூக்கச் சொல்லி எண்ணினார். ஆள் பதினைந்து, சத்தம் ஆறு, நானே மூன்று.

போர்டில் வட்டம் விரிந்தது. ஆரஞ்சு, பச்சை, நீலம்.

இருபத்து நான்கு வீடுகளின் விடியற்காலை, ஒரே தட்டில் இருந்தது. அதற்குள் போக ஒரு கட்டம் எனக்கும் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முன் பெஞ்சில் இருந்த நிலவழகன் வட்டத்தில் இருந்த சதவீத எண்களைக் கூட்டிப் பார்த்தான். அறுபத்து மூன்று, இருபத்தைந்து, பதின்மூன்று.

“டீச்சர், நூத்தியொண்ணு சதவீதம் வருது! மொய் எழுதிட்டீங்களா?”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

“அரை அரையா வந்தத மிஷினு முழுசாக்கிருச்சுடா. மொய்க்கு நூத்தியொண்ணு சரி. வட்டத்துக்கு நூறுதான்.”

மறுநாள் பெற்றோர் கூட்டம். வட்டத்தை அச்செடுத்து வாசலில் ஒட்ட வேண்டும். நிலவழகன் பார்த்ததை யாராவது ஒரு அப்பாவும் பார்ப்பார்.

டீச்சர் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

“இருபத்தஞ்சு பேருன்னா ஆளுக்கு நாலு சதவீதம். அரையே வராது.”

சிரிப்பு நின்றது.

நான் கீரைக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது. பார்க்காமல் விட்டுவிடவும் கூடாது.

டீச்சர் தலையைத் திருப்பவில்லை.

“சன்னலுக்கு அங்கிட்டு நிக்கிற புள்ள, ஒன்னைய யாரு எழுப்புறது?”

கையைத் தூக்கினேன். கட்டு நழுவி, இலைகள் காலடியில் கொட்டின.

“நானே... எந்திரிச்சுக்குவேன் டீச்சர்.”

அவர் மூன்றை நான்காக மாற்றினார்.

வட்டம் ஒரு கணம் வெளுத்து, மறுபடி நிறைந்தது. அறுபது. இருபத்து நான்கு. பதினாறு.

நீலம் கொஞ்சம் அகன்றிருந்தது. நான் ஒருத்தி வந்ததற்கு, சேவலும் மினிபஸ்ஸும், அத்தனை பேருடைய அம்மாக்களும் நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள்.

“நூறு!” என்று நிலவழகன் கத்தினான்.

யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.

போன வருடம் எட்டாம் வகுப்பில், என்னோடு சேர்த்து இருபத்தைந்து பேர் இருந்தோம்.