ஒரு நாளைக்கு எத்தனை

"டெய்லி அஞ்சு போஸ்ட் போட்டாத்தான் கடை உசுரோட இருக்கும், வாஹித் பாய்" என்றான் தௌஃபீக்.

ஐரோலியிலிருந்து வெயிலில் வந்திருந்தான். சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராமில் படம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். தாராவியில், இரும்பு ஏணி ஏறிப் போகிற அந்த மாடி அறையில் தோல் பை தைப்பது அப்துல் வாஹித்தின் தொழில்.

வாஹித்தின் கடைக்கு இதுவரை தினம் மூன்று போட்டுக்கொண்டிருந்தான் தௌஃபீக். காலையில் பூவோடு குட் மார்னிங். மத்தியானம் ஒரு பொன்மொழி. சாயங்காலம் ஒரு பை.

போன அக்டோபரில் உலக விலங்குகள் தினத்துக்கும் ஒரு வாழ்த்துப் போட்டான். சிரிக்கிற ஆட்டுக்குட்டி ஒன்று. அதன் பக்கத்திலேயே வாஹித்தின் ஆட்டுத்தோல் பை.

அந்த ஒரு போஸ்ட்டுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. சிரிக்கச் சேர்ந்த கூட்டம். பை வாங்க ஒருவரும் ஏணி ஏறவில்லை.

"அதனால என்ன பாய், ரீச் வந்துச்சுல்ல?"

"ரீச்சு ஆட்டுக்குல்லாடே வந்துச்சு!"

வெட்டு மேசையிலிருந்து ஆறுமுகநயினார் தலையைத் தூக்காமலே சொன்னார். பத்தொன்பது வருடமாக அந்த அறையில் தோல் வெட்டுகிறவர் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

வாஹித்துக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு மிஷினில் மூன்று, துணி மூடிக் கிடந்தன. அதில் ஒன்று, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகள் தைத்தது. தினம் ஐந்து போஸ்ட் என்று ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொண்டால், அந்தச் செலவுக்கு ஒரே வழிதான் இருந்தது. நயினாரை நிறுத்த வேண்டும். அது நயினாருக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன் முடிவு சொல்வதாக வாஹித் தௌஃபீக்கிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மணி இரண்டு. மடியில் கிடந்த செல் ஒருமுறை நடுங்கியது.

நைன் பேக்ஸ் இந்த வாரத்து வீடியோவைப் போட்டுவிட்டது.

ஆண்டாப் ஹில்லில் எங்கோ ஓர் அறையிலிருந்து நடக்கிற கடை அது. வாரத்துக்கு ஒரே ஒரு போஸ்ட். நாற்பது விநாடி. பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, முகமும் கிடையாது. ஒரு பெண்ணின் இரண்டு கைகள் மட்டும் தைத்துக்கொண்டிருக்கும்.

வாரத்துக்கு ஒன்பது பைதான் தைப்பாள். சாயங்காலத் தேநீருக்குள் ஒன்பதும் விற்றுப்போகும்.

இன்றைக்குப் பையின் மூலையைக் காட்டினாள்.

சாதாரணத் தையற்காரர் மூலையில் வேகத்தைக் குறைக்கமாட்டார். தையல் ஒரு நூல் தள்ளி விழும். தோலில் ஒருமுறை விழுந்த ஓட்டையை அழிக்க முடியாது. இந்தக் கைகள் மூலைக்கு இரண்டு தையல் முன்பே மோட்டாரை நிறுத்தின. சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியைச் சரியாக அந்த முனையில் இறக்கின. பிறகு பையைத் திருப்பின, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல.

"மாஷா அல்லாஹ்" என்றார் வாஹித், வாய்க்குள்.

நாற்பது வருடத்தில் அப்படி ஊசி இறக்குகிறவர்கள் என்று மூன்று பேரைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

நான்கு முறை பார்த்தார். எல்லா வாரமும் அந்த வீடியோவை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருக்கும். சொந்தப் பெயரில் அல்ல. சுடலைக்கண்ணன் என்று ஒரு பெயர் வைத்து, ஒரு கிளியின் படம் ஒட்டி வைத்திருந்தார். ஒரே தொழில் செய்கிறவளிடம் போய் நின்றால் மதிப்பு என்ன ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இன்று மதிப்பைப் பார்க்க நேரமில்லை. மேசைக்கு அடியில் செல்லை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

மேடம், சின்னக் கடை ஒரு நாளைக்கு எத்தனை போஸ்ட் போட வேண்டும்? ஐந்து போட்டால் வேலையாள் ஒருவரை நிறுத்த வேண்டும். என்ன செய்யலாம்?

தௌஃபீக் ஒப்பந்தக் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்து அவர் கையில் வைத்தான்.

"சைன் பண்ணுங்க பாய். கூட்டம் ஏறதுக்குள்ள நான் லோக்கல் ட்ரெயின் புடிக்கணும்."

"கொஞ்சம் இரு."

பதில் எழுத்தாக வரவில்லை. குரல் பதிவாக வந்தது. முப்பது விநாடி. அந்தக் கடையிலிருந்து இதுவரை குரல் என்று ஒன்று வந்ததே இல்லை.

வாஹித் ஜன்னல் பக்கம் திரும்பிச் செல்லைக் காதோடு ஒட்டிக்கொண்டார்.

"அஞ்சும் வேண்டாம், மூணும் வேண்டாம். நயினார் மாமாவ நிறுத்திராதிய. அவுக தோல் வெட்டுறத வீடியோ எடுத்துப் போடுங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும்."

அவர் யார் பெயரையும் எழுதியிருக்கவில்லை.

பேனா கையிலேயே நின்றது.

குரல் சற்று ஓய்ந்தது. அதன் பின்னால் எங்கோ ஒரு மிஷின் ஓடி, அதுவும் நின்றது. பிறகு மறுபடி பேசியது, முன்னைவிடத் தணிவாக.

"நான் வெள்ளிக்கிழம ரெண்டு மணிக்குப் போடுறது யாவாரத்துக்குன்னா நெனச்சிய? ஜும்ஆ முடிஞ்சு நீங்க செல்லைக் கையில எடுக்கிற நேரம்லா அது, வாப்பா."