பூவின் பெயர் தெரியும்வரை

காட்டுப்பூவின் பெயரைக் கண்டுபிடித்து, அந்த மாதிரியை உலர்த்தித் தாளில் ஒட்டினால்தான் தாவரவியல் லேப்பிலிருந்து வீட்டுக்குப் போகலாம். அதற்கொரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு வரிகள் இருக்கும். பூவுக்குப் பொருந்தும் வரி, அடுத்த கவுண்டருக்கு விரட்டும் குமாஸ்தா மாதிரி, நம்மை இன்னொரு எண்ணுக்கு அனுப்பும்.

இதழ் ஐந்து. இலைகள் எதிரெதிர். காம்பில் ரோமம். பதினான்காம் எண்ணுக்கு வந்தேன்.

“அறையில் இருவர் எனில் 1-க்குத் திரும்புக. ஒருவர் எனில் 15.”

அறையில் என்னோடு மிச்சமிருந்த லேப் அக்காவிடம் காட்டினேன்.

“அச்சுப் பிழையா இருக்கும் தம்பி. ஒண்ணுலேர்ந்து மறுபடி பாரு.”

நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் பதினான்கில்தான் வந்து நின்றேன்.

“அக்கா, ஒரு நிமிஷம் வெளிய நிக்கிறீங்களா?”

“உன் பூவுக்கு நான் இடைஞ்சலா? நல்லா இருக்குடா!”

சிரித்துக்கொண்டே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

“15. கதவு திறந்தால் 1-க்குத் திரும்புக. திறக்காவிட்டால் 16.”

இழுத்தேன். வெளியிலிருந்து அக்காவும் தள்ளினார்.

“தம்பி, விளையாடாதே, தாழ்ப்பாளை எடு!”

உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

பதினாறைப் புரட்டினேன்.

“மாதிரி முழுதாகக் கிடைத்துவிட்டது. தாளைவிட உயரமாக இருப்பதால், மூன்றாக மடித்து, அழுத்தி, உலர்த்துக.”

மேசைமேல் இருந்த பூ என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.