அண்ணாந்து குடித்தவர்

ரேஷன் கடையில் மலிவாகக் கிடைத்த அந்தத் தண்ணீர் வடிகட்டி, டம்ளரில் பட்ட எச்சிலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவரவர் உடம்புக்கு ஏற்ற தண்ணீரைத் தரும். கண்டுபிடித்ததை உரக்கச் சொல்லியும் தொலைக்கும்.

அதனால்தான் சர்க்கரை நோய்க்காரரான சிதம்பரநாதன், அது வந்த நாளிலிருந்து டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்தே குடித்தார். "எச்சில் பண்ணாம குடிக்கணும், அதான் சுத்தம்" என்று மனைவி இந்திராணியிடம் பெருமை வேறு.

அன்று குடிக்கும்போது புரை ஏறி, டம்ளர் வாயில் இடித்துவிட்டது.

"யாரோ உங்கள நினைக்குறாங்க" என்று இந்திராணி அவர் தலையில் தட்டினாள்.

"ஐயா இன்று மூன்று ஜாங்கிரி சாப்பிட்டிருக்கிறார்" என்றது வடிகட்டி.

தட்டிய கை குட்டியது. "டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே! இந்த வயசுல நாக்க அடக்க முடியலையா?" கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோய், இந்திராணி தன் டம்ளரை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

சிதம்பரநாதன் அவளையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து வாய் வைத்தே குடித்தவள்.

இன்னொரு டம்ளர் பிடித்து நீட்டினார். "இந்திரா, இத மட்டும் வாய் வச்சுக் குடியேன்."