ஏழாவது குன்று

எல்லாம் ஒன்றுதான் என்று எழுதிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தாவர ஆய்வாளர் அருள்மொழி வெறும் பாறையைப் பார்த்தபடி நின்றாள். கோடையில் இலை கருகி, நரிவெங்காயக் கிழங்குகள் பாறையிடுக்கு மண்ணுக்குள் அடங்கிக் கிடந்தன.

"எங்க மேடம் உங்க செடி? ஒண்ணையும் காணோமே," என்று சிரித்தார் அதிகாரி தணிகாசலம். குன்றைக் கல்குவாரிக்குக் கொடுக்க அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "மத்த ஆறு குன்றுலயும் இதே வெங்காயம்தானே கெடக்கு? இது போனா என்ன?"

ஏழு குன்றுகளிலும் இலை கிள்ளி வந்து மரபணுவை ஒப்பிட்டவள் அவள். பூவும் இலையும் எங்கும் ஒன்றுபோலத்தான். ஆனால் இந்தக் குன்றில் இருப்பவை உள்ளுக்குள் வேறு. மற்ற ஆறில் ஒன்றிலும் அவை இல்லை.

அவளோடு இரட்டையாகப் பிறந்தவள் ஐந்து வயதில் காய்ச்சலில் போனபோது, துக்கத்துக்கு வந்தவர்களும் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னார்கள். "அதே மொகம்தானே, இவ இருக்காள்ல." அம்மா வெகுநாள் வரை, அருள்மொழிக்கு ஊட்டும்போதெல்லாம் இன்னொரு சோற்றுருண்டையும் உருட்டிக் கையிலேயே வைத்திருந்தாள்.

தணிகாசலம் பேனாவை நீட்டினார். "வெயில் ஏறுது மேடம்."

அருள்மொழி அதை வாங்கி, மூடியைப் பொருத்தி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பாத்துக் கால வைங்க சார், கீழதான் இருக்கு," என்றாள்.