யாருக்கு டீச்சர்?

"ஒரு சிறுநீரகத்துல எத்தனை நெஃப்ரான்னு கேட்டா, பத்து லட்சம்னு டக்குன்னு சொல்றா. மனுசனுக்கு எத்தனை சிறுநீரகம்னு கேட்டா மட்டும் வாயில கொழுக்கட்டை! இவள நம்பி நான் எப்படிப் போட்டிக்குப் போறது?"

வசந்தினி டீச்சர் பொரிந்து தள்ளினார். எதிரே நாற்காலி நுனியில் செல்வாவும் மலரும். செல்வா தொழிற்சாலைச் சீருடையில், மத்தியான ஷிப்டுக்குப் போகும் வழியில் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாசாய் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தார். இருவருக்கும் நடுவில் தலையைத் தொங்கப் போட்டபடி அவர்களுடைய ஒரே மகள், ஐந்தாம் ஆண்டு மாணவி லோஷினி.

"வீட்டுல நல்லாத்தான் டீச்சர் படிக்கிறா" என்றாள் மலர். "கழிவறைக் கதவுலயே படம் வரைஞ்சு ஒட்டி வச்சிருக்கா. சிறுநீரகம், குழாய், பைன்னு எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் நாங்க வெளிய வரணும்."

"அதனாலதான் எனக்கு வயித்தெரிச்சல்! நேத்து ஒத்திகையில இந்தக் கேள்விக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? 'யாருக்கு டீச்சர்?'னு என்னையே திருப்பிக் கேக்குறா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நேரம் முடிஞ்சு மணியும் அடிச்சாச்சு. பெரிய டீச்சர் இவ பேரை எடுத்துட்டு வேற பிள்ளைய போடச் சொல்றாங்க."

லோஷினியின் கண்கள் குளமாகிவிட்டன. "அறிவியல் புதிர்ப்போட்டி" என்று முதுகில் அச்சடித்த சட்டையை ஒரு வாரமாக அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தூங்குகிறாள்.

"நான் போட்டிக்குப் போகணும்பா" என்றாள் மெல்ல.

மலருக்குத் தாங்கவில்லை. "டீச்சர், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். செல்வா அவள் கையை லேசாக அழுத்தினார்.

"நீ முதல்ல தண்ணி குடி, மலர்."

பையிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்து, மூடியைத் திறந்தே கொடுத்தார். வந்ததிலிருந்து இது மூன்றாவது முறை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இப்படி ஒரு புருஷனா! கோபத்துக்கு நடுவிலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் சிற்றுண்டிச் சாலையிலிருந்து நட்சத்திரப் பழ ஜூஸ் மூன்று கிளாஸ் வந்தது. மலர் ஒன்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம்.

"அலமாக், ஐயையோ! வேணாம் லா!" செல்வா அதை அப்படியே பிடுங்கிக்கொண்டார். "மன்னிச்சிருங்க டீச்சர், அவளுக்கு ஒத்துக்காது. எனக்கும் வேணாம்."

"ஒரு வாய் கூடவா?"

"ஒரு சொட்டு கூட வேணாம் டீச்சர்."

வீணாக்குவானேன்? அழுத முகத்தோடு மூன்று கிளாஸையும் லோஷினியே காலி செய்தாள். டீச்சர் விடாமல் புத்தி சொல்லிக்கொண்டே போக, பிள்ளை நாற்காலியில் நெளிய ஆரம்பித்தாள். அப்புறம் காலைப் பின்னிக்கொண்டாள்.

"என்ன நெளியுற?"

"சிறுநீர்ப்பை நெறஞ்சிடுச்சு டீச்சர். மூளைக்குத் தகவல் போயிடுச்சு."

டீச்சருக்கு அதற்கு மேல் முகத்தை உர்ரென்று வைத்திருக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்தக் கெட்டிக்காரக் கழுதையை விட்டுவிட்டு வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது!

"சரி. கடைசி வாய்ப்பு. பதில் சொல்லிட்டு ஓடு. மனுசனுக்கு எத்தனை சிறுநீரகம்?"

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"யாரு..."

"போதும் தாயே! யாருக்குன்னுதானே கேக்கப் போற? இதோ உக்காந்திருக்காங்களே, இவங்களுக்குத்தான். உங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து எத்தனை?"

பிள்ளையின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"நாலு டீச்சர்!"

"அப்பாடா! நாலை ரெண்டால வகுத்தா?"

"ரெண்டு!"

"இவ்வளவுதான்டி விஷயம். மேடையில அதைச் சொல்லு போதும். உன் பேரை நான் எடுக்கல. ஓடு!"

லோஷினி பறந்தாள். செல்வாவும் மலரும் டீச்சருக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். மலர் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டிவிட்டார் செல்வா.

பின்னாலேயே ஓடி வந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் மகள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா தங்கம். நீ ஜெயிச்சிட்ட, எனக்கு என்ன வலி?"

"ஊர்க் கண்ணு படும், வெளிய சொல்லாதன்னு சொன்னீங்கல்ல? நான் சொல்லவே இல்ல. பொய்யும் சொல்லல."

"தெரியும்டா. என் தங்கம்."

லோஷினி அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அவர் காதருகே எம்பினாள்.

"ஆனா டீச்சர் வகுத்ததுதான்பா தப்பு. அம்மாகிட்ட வேலை செய்யாத பழசு ரெண்டு, நீங்க குடுத்தது ஒண்ணு, ஆக மூணு. உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது ஒண்ணுதானே?"