ஜூன் ஒன்று

மே 31, மாலை. இன்று ஒரு தவறு செய்தேன். 'வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தோம்' என்று எழுதிவிட்டேன். அறைக்கு வந்தோம்.

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

'வீட்டுக்கு' என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு. அழிக்கக் கூடாது. தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். சிறையின் மாலை வகுப்பில் கிரேஸ் டீச்சர் முதல் நாளே சொன்னது அது. நாட்குறிப்பு எழுதுவதும் பாடத்தில் சேர்த்தி.

கோடு கொஞ்சம் கோணலோ என்று சந்தேகம் வந்தது. அதன் மேல் இன்னொரு கோடு போடலாமா என்று யோசித்து, போடாமல் விட்டாள்.

லாக்கப் முடிந்து, ஆட்களை எண்ணிக் கதவு பூட்டியாகிவிட்டது. மடியில் மகள் பூவரசி.

"இன்னா டீச்சரம்மா, எழுதி எழுதிக் கைய ஒடச்சிக்காத. வெளிய போயி செங்கல் அறுக்கணும்ல?"

அடுத்த பாயிலிருந்து செல்லியக்கா. தினமும் சொல்வதுதான். தினமும் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

இன்று சிரிக்கவில்லை.

மத்தியானம் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் நல்ல செய்தி. படிப்பையும் தையலையும் முழுதாக முடித்ததால் தண்டனையில் குறைப்பு. ஆகஸ்டில் விடுதலை.

இதற்காகத்தான் படித்தாள். தாயோடு பிள்ளை சிறையில் இருக்கலாம், ஆறு வயது வரைக்கும். அதற்குள் போய்விட வேண்டும். அந்தப் பெரிய கதவை இரண்டு பேரும் கைகோத்துத் தாண்ட வேண்டும்.

பூவரசி ஐப்பசியில் பிறந்தவள். அடைமழை. அவள் வேலை செய்த செங்கல் சூளை அணைந்து கிடந்தது. கொட்டகைக்குள், நனையாத செங்கல் அடுக்குக்குப் பின்னால் பிறந்தாள். ஆஸ்பத்திரி இல்லை. பதிவும் இல்லை.

ஆகஸ்டுக்கு அப்புறம்தான் ஐப்பசி.

பிறகு இன்னொரு செய்தி சொன்னார்கள்.

நாளைக்குப் பூவரசிக்கு ஆறு வயது.

ஜூன் ஒன்று. அந்தத் தேதியைக் கொடுத்தது வேறு யாரும் இல்லை. அவள்தான்.

சூளையில் எல்லாத் தாய்மாரும் வைத்திருக்கும் தேதி அது. ஐப்பசி என்று சொன்னால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் வா என்பார்கள். ஜூன் ஒன்று என்றால் உட்கார வைத்துவிடுவார்கள். தன் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாது. பூவரசி தவழும்போதே அந்தத் தேதியைச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசலுக்கென்று வைத்திருந்ததைச் சிறை வாசலில் சொன்னாள்.

குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டார்கள். யோசிக்காமல் வந்துவிட்டது. தடுமாறாமல் சொன்னோமே என்று அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை.

ஆபீசில் இதையெல்லாம் சொன்னாள். ஜெயிலர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ சொன்னததானம்மா எழுதியிருக்கு. இப்ப வேற சொன்னா நான் எத நம்பறது?"

கேட்டது நியாயம் என்று அவளுக்கே பட்டது. படிக்கட்டு இறங்கும்போது ஐப்பசிதானா என்றுகூடத் தோன்றிவிட்டது. மழை பெய்தது. பெய்ததுதானே?

நாளை வந்து அழைத்துப் போவார்கள். குழந்தைகள் இல்லம். நல்ல இடமாம். விடுதலையானதும் போய்க் கேட்டால் பிள்ளையைத் தருவார்களாம். தாய்க்கு வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவார்களாம்.

அவளுக்கு இருந்த ஒரே முகவரி சூளை.

பூவரசி மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இல்லம்னா என்னம்மா?"

"வீடு."

"அங்க எத்தன மணிக்கு லாக்கப்பு?"

"அங்க லாக்கப்பெல்லாம் கெடையாது."

பூவரசிக்கு அது பிடிபடவில்லை. கதவைப் பார்த்தாள். கம்பிக்கு அப்பால், தலைகளை எண்ணி முடித்த வார்டர் அம்மா வராந்தாவில் நடந்துபோகும் சத்தம்.

"அப்ப நம்மள யாரு எண்ணுவாங்க?"

செல்லியக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நம்மள.

ஒரு கோடு போட்டால் போதும். மேலே சரியான சொல்லை எழுதிவிடலாம். 'உன்ன' என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து.

அவள் திருத்தவில்லை.

பிள்ளையின் தலையைத் திரும்ப மடியில் சாய்த்தாள். தலைமுடியில் தையல் கூடத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாம் எடுத்த பிறகும் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன.

பூவரசி தூங்கிப்போனாள். இடது கை மட்டும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

நாட்குறிப்பைக் கடைசியில் எப்படி முடிக்க வேண்டும் என்றும் டீச்சர் சொல்லியிருக்கிறார். மறுநாள் வேலையை எழுதி முடிக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அழகுக்காக எதுவும் வேண்டாம்.

தலைப்பை உருவாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவள் பேனாவைத் திறந்தாள்.

நாளை: பூவரசிக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட வேண்டும். ஆகஸ்டுக்கென்று தைத்த பச்சைக் கவுனைப் போட்டுவிட வேண்டும். கேட் வரை கூட நடக்க வேண்டும். பிறகு அறைக்கு வர வேண்டும்.